நல்ல கதை என்றால் உனக்குப் பயம்

படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறார்கள். நேற்று மாலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பாதாம் எசன்ஸ் வாசனை முகத்தில் அடித்தது. "வாசனையே சூப்பரா கீது இல்ல?" என்று பக்கத்தில் நின்ற பெண் தன் மகளிடம் சொன்னாள். எனக்கு முதலில் சயனைடு ஞாபகம் வந்தது, அடுத்து நீ. கேக் கடை வாசலில் நின்று விஷத்தை நினைக்கிற பழக்கத்தை எனக்கு உண்டாக்கிவிட்டுப் போனவள் நீதான்.

"கசப்பு பாதாம் வாசனை வரும்னு எல்லாக் கதையிலயும் எழுதறீங்க. அந்த வாசனை எல்லா மூக்குக்கும் தெரியாது. பிறவியிலயே சில பேருக்குக் கிடையாது. என் மூக்கு எந்த வகைன்னு எனக்கே தெரியாது" என்று ஒருமுறை சொன்னாய். சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள அவசரமில்லை என்று சிரித்தாய். பேக்கரி வாசலில் அந்தச் சிரிப்பு கேட்டது. உள்ளே போகாமல் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டே வந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2008 கோடைக்காலம். நம் நகரில் அப்போது வீடுகளைவிட எல்லைக் கற்கள்தான் அதிகம். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று நீ இரண்டு குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் அரசு டாக்டர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். நீ டிவி மேல் கிடந்த மாத நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாய்.

"கடைசிலேருந்தா படிப்பீங்க?"

"என் வேலையே அப்படித்தாங்க. முடிவு முன்னாடி கிடக்கும், அங்கேருந்து பின்னாடி போகணும்" என்றாய். பத்து பக்கம் பின்னால் புரட்டிப் படித்துச் சிரித்தாய். "யாருங்க இத எழுதுனது? செத்து நாலு மணி நேரம் ஆன ஆளைக் குத்தறான், ரத்தம் சுவத்துல பீச்சி அடிக்குதாம். நின்னுபோன மோட்டார்ல தண்ணி வருமா?"

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

அட்டையில் ஆண் பெயர் இருந்தது. பகலில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் தரப் பிரிவில் வேலை, விடுமுறை நாட்களில் கொலை என்று என் காலம் ஓடியது வீட்டுக்கும் பதிப்பகத்துக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "அப்படியா! ஒண்ணு சொல்லுங்க. மச்சான்தான் கொலைகாரன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா, எழுத எழுதத்தான் தெரிஞ்சுதா?"

அத்தனை வருடம் எழுதியும் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எழுத எழுதத்தான் தெரிந்தது என்றேன். "அப்ப நீங்களும் தேடறீங்க" என்று தலையாட்டினாய். குடம் நிரம்பி வழிந்து கொல்லை முழுக்கத் தண்ணீர்.

பிறகு உன் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வந்தன. மொட்டை மாடியில் நாம் செய்த காரியத்தை இன்றைக்கும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கறிக்கடை பாயிடம் ஆட்டு ரத்தம் கேட்டோம். "பொரியலுக்கா டாக்டரம்மா? உப்பு போட்டுத் தரட்டா?" என்றார். "உப்பு வேணாம் பாய், தரையில ஊத்தப்போறோம்" என்றாய் நீ. அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை நீட்டினார். சிமெண்டுத் தரையில் கொஞ்சம், உடைந்த டைல்ஸில் கொஞ்சம், என் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த தகட்டுத் துண்டில் கொஞ்சம். குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். ஓரம் முதலில் காய்ந்து வளையமானது. நடு வெகுநேரம் ஈரமாகவே இருந்தது. சிமெண்டு குடித்துவிட்டது, தகட்டில் தோல் மாதிரிச் சுருண்டு எழுந்தது. 'உறைந்த ரத்தம்' என்று இரண்டு வார்த்தையில் நான் தாண்டிப்போன இடத்தில் இத்தனை இருந்தது. எறும்பு வந்தது, காக்கை வந்தது, கடைசியில் நகர் வாட்ச்மேனும் வந்தார். "இன்னாம்மா இது, செய்வினையா?" என்று படியிலேயே நின்றுவிட்டார். அவரை நம்பவைக்க நீ பட்ட பாட்டில் நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன். "சும்மா சிரிக்காத, நீயும் சொல்லேன்டி" என்றாய். அன்றோடு நமக்குள் 'நீங்க' போயிற்று.

என் கதைகளில் டாக்டர் பிணத்தின் மணிக்கட்டைத் தொட்டு, இரவு பத்தே முக்காலுக்கு இறந்திருக்கிறான் என்பார். அந்த டாக்டரை நீ விடவே இல்லை. "உடம்பு மணிக்கு இத்தனை டிகிரி ஆறும்னு எழுதற. மே மாசம் ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல உயிரோட இருக்கறவனே ஆறமாட்டான், செத்தவன் எங்கேருந்து ஆறுவான்? வெளிச்சூடும் உடம்புச்சூடும் ஒண்ணாயிருக்கற ஊர்ல தெர்மாமீட்டர் என்ன சொல்லும்?" அப்படியானால் எதை வைத்துச் சொல்வது என்று கேட்டேன். "பல நாள் சொல்லமாட்டோம். இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் நடுவுலன்னு எழுதுவோம். அந்த நடு ரொம்பப் பெருசா இருக்கும்." கைக்குட்டையில் மயக்க மருந்து வைத்து அமுக்கியதும் விழுகிற பெண்களையும் நீ அப்படித்தான் என்னிடமிருந்து பிடுங்கினாய். நிமிடக்கணக்கில் அமுக்க வேண்டும், அதற்குள் அவள் என் வில்லனைக் கடித்திருப்பாள் என்றாய்.

என்னிடமும் உனக்குக் காட்ட ஏதோ இருந்ததில் எனக்குப் பெருமை. ஒரு நாள் கம்பெனியின் உற்பத்தி லைனில் உடைந்த போல்ட் ஒன்றை எடுத்துவந்தேன். முறிந்த முகத்தில் கடற்கரை அலை வரி மாதிரி கோடுகள். ஒரே அடியில் உடைந்தால் இந்த வரி வராது, நாள்பட நாள்பட விரிசல் நகர்ந்த தடம் இது, இந்த மூலையில்தான் தொடங்கியிருக்கிறது என்றேன். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நீயும் போஸ்ட்மார்ட்டம்தான் பண்ற" என்றாய். "உன் பொணத்துக்கு மட்டும் அப்பா அம்மா வாசல்ல உக்காந்திருக்க மாட்டாங்க."

அந்த வாசலை நான் பார்த்தது முருகேசன் இறந்தபோது.

மின்வெட்டு ஊரை வாட்டிய வருடம், தீபாவளி முடிந்த மழை. முருகேசன் எங்கள் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். எந்த மெஷின் எந்தச் சத்தம் போடும் என்று வாயாலேயே செய்து காட்டி லைனைச் சிரிக்கவைப்பான். அவனும் அதே ஊர் செல்வமும் இருங்காட்டுக்கோட்டையின் உள்தெரு ஒன்றில் ஒரே அறையில் இருந்தார்கள். செல்வத்துக்கு உலோகங்களுக்கு முலாம் பூசும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை. ஒருவனுக்குப் பகல் ஷிப்ட், மற்றவனுக்கு இரவு ஷிப்ட். ஒருவன் தூங்கும்போது மற்றவன் போனில் பேசுவான், சண்டை வரும். முருகேசன் இறப்பதற்கு முன்தினம் செல்வம், "ஏல, இன்னொரு தடவ எழுப்புனேன்னா ஒன்னக் கொன்னுருவேம்ல" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருந்தது. மறுநாள் சமாதானமாக அவனே பரோட்டா பார்சல் வாங்கி வைத்துவிட்டு இரவு ஷிப்டுக்குப் போனான். காலையில் திரும்பி வந்தால் முருகேசன் பாயில் கிடக்கிறான். வாயில் நுரை. பக்கத்தில் தின்று போட்ட பரோட்டா இலை.

உடம்பு உன் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அன்றைக்கு டூட்டி நீ.

நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் டீக்கடைக்குச் செய்தி வந்துவிட்டது. செத்தவன் உடம்பில் ரோஸ் நிறம் படர்ந்திருந்ததாம், சயனைடு தின்றால் அப்படித்தான் ஆகுமாம். முலாம் பட்டறையில் சயனைடு புழங்குமாம். செல்வத்தை ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்களாம். மத்தியானத்துக்குள் லைன் முழுக்க ஒரே முடிவு. எனக்கும் அதே முடிவுதான். சண்டை, மிரட்டல், கைக்கெட்டும் விஷம், பரோட்டா, ரோஸ் நிறம். எனக்குத் தெரிந்த பையன் செத்துப்போயிருந்தான். அதையும் மீறி எனக்குள் இருந்த எழுத்தாளர், எல்லாம் எப்படிப் பொருந்துகிறது பார் என்றார்.

சாயங்காலம் உன் வீட்டில் அதை அடுக்கிச் சொன்னேன். நீ காபி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாய்.

"கேஸைப் பத்தி எங்கிட்டக் கேக்காத. ஆனா நீ சொன்னது கதையா ரொம்ப நல்லா இருக்கு" என்றாய். "அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்ஸ்பெக்டருக்கும் இதே கதைதான் பிடிச்சிருக்கு."

"அப்ப இல்லையா?"

"இல்லன்னு சொன்னேனா? தெரியலன்னு எழுதியிருக்கேன். ரத்தம், குடல் எல்லாம் லேபுக்குப் போயிருக்கு. வர்றதுக்கு மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் அந்தப் பையன்?"

நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டாய். அந்த இரண்டு நாளில் நீ எவ்வளவு மெலிந்துபோனாய் என்று உன் கணவர் பிறகு சொன்னார்.

மறுநாள் கம்பெனி சார்பில் முருகேசனின் சாமான்களை எடுத்துவர சூப்பர்வைசரோடு நானும் போனேன். இரங்கலுக்குத்தான் போனேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய், எனக்கு அந்த அறையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கீழே இரண்டு அறை, ஒரு நடை, நடையின் கோடியில் மாடிப்படி. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். பக்கத்து அறைக்காரர்கள் தீபாவளிக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. சூப்பர்வைசர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா நடையில் ஒரு காலிக் கூண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பேச வேறெதுவும் இல்லாமல், என்ன வளர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"லவ் பேர்ட்ஸ்மா. ரெண்டு இருந்துச்சு. அந்தப் புள்ள போன அன்னிக்கே ரெண்டும் செத்துப்போச்சு. குளுரு தாங்கல போல. எனக்கே அன்னிக்குக் காலைல தலைய சுத்திகினு ஒரே வாந்தி. வூட்ல என்னமோ பீடை புடிச்சிகீது, பூஜ போடணும்."

அதை உன்னிடம் நான் ஒரு சோகக் குறிப்பாகத்தான் சொன்னேன். பறவைகளும் போய்விட்டன, கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். நீ எழுந்து நின்றாய்.

"கூண்டு எங்க இருந்துது?"

"நடையில. அவங்க ரூம் கதவுக்குப் பக்கத்துல."

"பரோட்டா கிளிக்குப் போட்டாங்களா?"

"கிளி இல்ல, லவ் பேர்ட்ஸ். பரோட்டா எதுக்குப் போடறாங்க?"

"அந்த வீட்ல ஜெனரேட்டர் இருக்கா?"

முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி ஒன்று இருந்தது என்றேன்.

"இப்ப முற்றத்துல இருக்கு. மழை பேஞ்ச அன்னிக்கு எங்க இருந்துது?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. நீ போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் பேசினாய். உன் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது. "சார், சயனைடுன்னு நான் எழுதமாட்டேன். இல்லன்னும் இப்ப எழுதமாட்டேன். அந்த நிறம் வேற காரணத்தாலயும் வரும். ஜெனரேட்டரை எங்க வெச்சு ஓட்டினாங்கன்னு கேக்காம தயவுசெஞ்சு மேல போகாதீங்க."

வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை, அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். "மழைல நனைஞ்சிடும்னு உள்ள இழுத்து மாடிப்படிக்குக் கீழ வெச்சேன் சார். கரண்ட் வர்ற வரிக்கும் ஓடிச்சு" என்றார். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் நச்சு வாயுவும் ரத்தத்தை ரோஸாக்கும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சாத்திய நடையில் அது நிரம்பியிருக்கிறது. கதவுக்கு மேலிருந்த சந்து வழியாக, மழைக்கும் கொசுவுக்கும் ஜன்னலை அடைத்துத் தூங்கியவனிடம் போயிருக்கிறது. மாடிக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உருவம் சின்னதான பறவைகள் முதலில் விழுந்திருக்கும். காலையில் மின்சாரம் வந்து, கதவு திறந்து, ஜெனரேட்டர் முற்றத்துக்குப் போனபோது அறையில் நல்ல காற்றுதான் இருந்தது.

சயனைடை விழுங்கியிருந்தால் இரைப்பையின் உட்புறம் வெந்து சிவந்திருக்கும், அது சுத்தமாக இருந்தது, அதுதான் முதல் நாளிலிருந்து உன்னை உறுத்திக்கொண்டிருந்தது என்று எல்லாம் முடிந்தபிறகு சொன்னாய். இன்னொன்றும் சொன்னாய். அவன் ரத்தத்தில் ஒரு சொட்டையும் உன் விரலைக் குத்தி எடுத்த ஒரு சொட்டையும் இரண்டு கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறாய். உன்னுடையது மஞ்சளாக வெளிறியது, அவனுடையது ரோஸாகவே நின்றது. "அது கோர்ட்டுக்கு இல்ல. எனக்கு" என்றாய்.

செல்வத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். அவன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். அங்கே வேப்பமரத்தடியில் முருகேசனின் அப்பா முந்தின நாள் இரவிலிருந்தே உட்கார்ந்திருந்தார். செய்தி கேள்விப்பட்டு நானும் வந்திருந்தேன். ஊரில் அடுத்தடுத்த தெருக்காரர்கள், ஆனாலும் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கிட்டே வரவும் துணியவில்லை. "நா இருந்திருந்தா நானும் போயிருப்பேன். போயிருக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நீ கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாய். லேப் முடிவு வந்தால்தான் எழுத்தில் கொடுக்க முடியும், ஆனால் இதுவரை தெரிந்தது இது என்று ஆரம்பித்தாய். ஜெனரேட்டர், நடை, பறவைகள். அவசரப்படாமல் சொன்னாய். அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம்புள்ளைக்கு வலிச்சிருக்குமா தாயி?"

என் கதை டாக்டர் 'இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டான்' என்று தோளைத் தட்டியிருப்பார். யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்? நீ அவர் பக்கம் திரும்பினாய்.

"தலை வலிச்சிருக்கலாம் ஐயா. தூக்கத்துல அது அவனுக்குத் தெரியாமப் போயிருக்கும்னு நான் நெனைக்கிறேன். நிச்சயமா சொல்ல எனக்கு வழியில்ல. ஆனா யாரும் அவனுக்குக் கெடுதல் பண்ணல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் துண்டை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுதீய. அப்ப தெரியும்னு சொன்னது நெசமாத்தான் இருக்கும்" என்றார். கையை ஊன்றி எழுந்து செல்வத்திடம் போனார். "எல, வா. அவன ஊருக்குக் கொண்டுபோவோம். ஒத்தையில என்னால முடியாது." செல்வம் அவர் காலடியில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் இதுவரை எந்த நாவலிலும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

லேப் முடிவு மறு வருடம் வந்தது, நீ நினைத்த மாதிரியே. சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு அதை நீ படித்துக் காட்டினாய். மறுமுனையில் அவர் பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டு, திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொன்னாராம்.

அதற்குப் பிறகும் நாம் எத்தனையோ பேசினோம். அந்தப் பறவைகளை நான் கவனித்தது தற்செயலா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "கதைக்குன்னு பொறுக்கினியா, இல்ல உன் மனசுல எங்கயோ உறுத்திச்சா?" எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்று நான் சொன்னபோது உனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

போன தை மாதம் உன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது. உன் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கே தொடங்கியிருக்கும், முன்பே விரிசல் இருந்ததா, தலைவலி என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அதுதானா என்று ஆயிரம் கேள்வி எனக்கு. எல்லாச் சாவுக்கும் காரணம் கேட்கிற நான், உன் வீட்டு வாசலில் நின்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் நீ, உள்ளே படுத்திருந்தாய்.

பதிப்பக ஆசிரியருக்கு இப்போது என் மேல் வருத்தம். என் டாக்டர்கள் 'தெரியவில்லை' என்கிறார்களாம், வாசகருக்கு அது பிடிக்காதாம். இன்னொரு குறையும் சொன்னார். "முன்னெல்லாம் ஒரு நாவல்ல மூணு கொலை வெப்பீங்க மேடம். இப்பல்லாம் ஒண்ணுதான். அதுவும் பாதிக்கு மேலதான் விழுது. ஏன் மேடம்?"

ஒரு சாவை முழுதாகத் தெரிந்துகொள்வதற்கே இவ்வளவு ஆகிறது. இன்னும் இரண்டு பேரை எப்படிச் சாகடிப்பேன் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.